சிவப்பு டூல்ஸ் பெட்டி

"என்னடி இது?"

கதவைத் திறந்த வினோலியா, அகல்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த சிவப்பு டூல்ஸ் பெட்டியைத்தான் பார்த்தாள்.

"திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்கம்மா. வேற யாராச்சும் படிக்கிற புள்ளைக்கு ஆகும்."

"அப்போ நீ?"

"எருமப்பட்டியில சித்தி ஊட்டுக்குப் போறேனுங்க. அங்க கோழிப்பண்ணையில முட்டை பிரிக்கிற வேலை இருக்குதாம். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பறேன்."

வினோலியாவுக்குச் சுரீரென்றது.

பங்குக் கோயில் பெண்கள் சபைக்கு அவள்தான் தலைவி. சபைக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் சின்னாயியின் மகள் அகல்யா. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளை ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவில் சேர்த்துவிட்டதே வினோலியாதான். மகளிர் தினத்தன்று மைக்கைப் பிடித்து, "கரண்டி பிடிக்கிற கை ரெஞ்சும் பிடிக்கும்!" என்று முழங்கினாள். பங்குச் சாமியாரை ஜெபித்து மந்திரிக்கச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் இந்தப் பெட்டியை அவள் கையில் கொடுத்தாள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

அந்தப் பெட்டிதான் இப்போது வாசற்படியில் நிற்கிறது.

"உள்ளே வா. உங்கப்பா சடையன், 'பொட்டப் புள்ளைக்குக் குழாய் வேலையா'ன்னு குதிச்சப்போ, உங்க வீட்டுக்கே வந்து சண்டை போட்டவ நான். ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்கம்மா."

"இருந்தா இப்படி வந்து நிற்பியா? முட்டை பிரிக்க என்ன தருவானாம்?"

"மாசம் ஒம்போதாயிரம்."

"ஒன்பதாயிரம்! ஒரு குழாயை மாட்டிட்டு ஐநூறு வாங்கிட்டுப் போறாங்கடி அவனவன். இன்ஜினியரிங் படிச்ச என் பையன் சென்னையில வாடகை போக மிச்சம் பிடிக்கிறதை, நீ இங்கே ஸ்கூட்டியில சுத்தியே சம்பாதிச்சிருக்கலாம். நாலு வருஷம் போனா சொந்தமா கான்ட்ராக்ட். நோகாம இருக்கணும்னு நினைச்சா எங்கேயிருந்து முன்னேறுவீங்க?"

"வேலை வரலீங்கம்மா."

"வரலையா? இந்த அயோத்தியாப்பட்டணத்துல குழாய் ஒழுகாத வீடு ஒண்ணு காட்டு பார்க்கலாம்! ஏன், என் வீட்டு சிங்க்கே ஒழுகி, நேத்திலேர்ந்து பக்கெட் வெச்சிருக்கேன்."

அகல்யா சமையலறைப் பக்கம் திரும்பவில்லை.

"படிச்சது மட்டும் பத்தாதுங்கம்மா. நாலு ஊடு ஏறி இறங்கினாத்தான் கை பழகும். கை பழகினாத்தான் கூலி ஏறும். ஊட்டுக்குள்ளயே உடலீன்னா..."

"சாக்கு. யார்கிட்ட வேலைக்குச் சேர்ந்தே?"

அகல்யா கொஞ்சம் தயங்கினாள். "சந்திரசேகர் அண்ணன்கிட்டங்க."

"யாரு, நம்ம பிளம்பர் சந்திரசேகரா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ? நல்லதாப் போச்சு. என் சிங்க்கைப் பார்க்க அவர்தான் இப்போ வர்றார். இரு, நேருக்கு நேர் கேட்டுடறேன்."

"வேண்டாங்கம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் வாரேன்."

"உட்காருடி! இந்த ஆம்பளைங்க புத்தியே இப்படித்தான். பொண்ணுன்னா ஒரு இளக்காரம். நீங்கள்லாம் வாயை மூடிக்கிட்டே இருந்தா யார் கேட்கிறது?"

"ஐயோ, அவரை ஒண்ணும் கேக்காதீங்கம்மா. அண்ணன் நல்லவருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

காலிங் பெல் அடித்தது.

பையும் கையுமாக உள்ளே வந்த சந்திரசேகர், அகல்யாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"வாங்க சந்திரசேகர். உங்களுக்கே நல்லா இருக்கா? சர்ட்டிபிகேட் வாங்கின பொண்ணு. உங்களை நம்பி வந்தவ. வேலையே கொடுக்காம கோழிப்பண்ணைக்கு அனுப்பறீங்களே!"

"நானுங்களா?"

"பின்னே நானா?"

சந்திரசேகர் அகல்யாவைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். அவர் பையைக் கீழே வைத்தார்.

"இல்ல கண்ணு, இதையாச்சும் சொல்லோணும். ஏனுங்கம்மா, எந்த ஊட்டுல இருந்து போன் வந்தாலும், 'நல்லா வேலை தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்குது, அனுப்பட்டுங்களா'ன்னுதான் மொதல்ல கேக்கறேன். 'பொண்ணா?'ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. அவ்வளவுதான். நேத்து உங்களையுந்தான் கேட்டேன்."

வினோலியாவின் முகம் மாறியது.

"'பொண்ணெல்லாம் எதுக்கு, சமையலறை என்ன விளையாடற இடமா? ஆம்பளை ஆளா அனுப்புங்க, இல்லேன்னா நீங்களே வாங்க'ன்னு சொன்னீங்களே! அன்னிக்கு மைக்குல கேட்ட குரல் ஆச்சேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. இவ பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா."

சமையலறையில் பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் நகரவில்லை.

 

அகல்யா பெட்டியைச் சுவரோரமாக, யார் காலிலும் இடறாதபடி நகர்த்தி வைத்தாள்.

"உடுங்கண்ணா," என்றாள். "வரப்போறது நான்தான்னு அம்மாவுக்குத் தெரியாதுங்க."