பதினோராவது குழாய்

குப்பைமேட்டுக்கு மூடுவிழா நடத்தி முடித்துவிட்டார்கள். மேட்டை மூடிய கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பின்மேல் செம்மண் கொட்டி, புல் பதித்து, உள்ளே ஊறும் வாயு வெளியேற அங்கங்கே இரும்புக் குழாய்களும் நட்டாயிற்று. புல்லுக்குத் தண்ணீர் விடும் வேலையைப் பவுனாம்பாள் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில், பாட்டில் பொறுக்கப் போன அவள் மகள் கோகிலாவின்மேல் இந்த மேடுதான் சரிந்தது. நாலு நாள் தோண்டினார்கள். ஐந்தாம் நாள், பொக்லைன் வாடகைக்குப் பணம் இல்லையென்று நிறுத்திவிட்டார்கள்.

இன்று அவள் ஒரு வேப்பங்கன்றோடு வந்தாள். இன்ஜினியர் பதறிப்போய்த் தடுத்தார்.

“மரம் வைக்கக் கூடாதும்மா. வேர் இறங்குனா விரிப்பு கிழிஞ்சிடும். இனிமே இங்க ஒரு பிடி மண்ணக்கூட யாரும் தோண்ட முடியாது. முப்பது வருஷத்துக்குப் பாத்துக்கப் பணம் ஒதுக்கியாச்சு.”

“முப்பது வருஷத்துக்குமா சார்?”

“முப்பது வருஷத்துக்கும்.”

அவள் கன்றைக் கீழே வைத்தாள். கிழக்குச் சரிவில், கோகிலாவின் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடைத்த இடத்தில்தான் பதினோராவது குழாய் நின்றது. காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“சுடுது சார்.”

“உள்ள இன்னும் மக்கிக்கிட்டு இருக்குல்ல, அந்தச் சூடும்மா. போகப் போக ஆறிடும்.”

பவுனாம்பாள் முந்தானையை இழுத்து, காற்றுப் படாமல் அந்தக் குழாயைப் போர்த்தினாள்.