பின்னால் பிடித்தவன்

"நொண்டி நொண்டியே எம் புருசனக் கொன்னுருவியாட்ட இருக்குது! ஏணிய ஆட்டாமப் புடிடா!"

பாவாயி கத்தினாள். மூங்கில் ஏணியில் கட்டிக் கிடந்த சென்றாயனின் தலைமாட்டைத் தோளில் தாங்கிப் பின்னால் வந்தவன் அர்த்தனாரி. இடது கால் குட்டை. ஒரு எட்டுக்குத் தலைமாடு அரை முழம் ஏறும். மறு எட்டுக்கு இறங்கும்.

"நா என்னங்கண்ணி பண்றது? கால் அப்பிடி."

வேறு ஆளில்லை. தெம்பானவர்கள் மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிவிட்டார்கள். விடியலில் கட்டுவிரியன் கடித்தது. பாதி மலை இறங்குவதற்குள் சென்றாயனுக்கு இமை தொங்கி, நாக்கு விழுந்து, கை கால் துணியாகிவிட்டது.

ஓடையருகே ஏணியை இறக்கினார்கள். முன்னால் பிடித்த குழந்தைசாமி, பாவாயியின் அண்ணன், தண்ணீர் குடித்து முடிக்கவில்லை. சென்றாயனின் உதடு நாவல்பழமாகக் கறுத்தது. அலறியடித்துத் தூக்கினார்கள். இருபது எட்டில் உதடு தெளிந்தது.

"ஓடைப்பக்கம் காத்துக்கருப்பு இருக்குதுண்ணா. இனி எங்கயும் எறக்காத," என்றாள்.

அடிவாரத்தில், சந்தைக்கு வந்திருந்த செல்லமுத்து ஓடிவந்தான். நடை சீரானவன். தலையில் நெய்க்குடம் வைத்தாலும் சிந்தாது.

"நீ வுடுடா," என்று அர்த்தனாரியைத் தள்ளினாள் பாவாயி. "இனியாச்சும் அவரு அலுங்காமப் போகட்டும்."

வெயில் படாமல் புருஷன் முகத்தில் துண்டைப் போட்டாள். ஆஸ்பத்திரிக்கு அரை மைல் சமதரை. ஏணி தெப்பம்போலப் போனது.

வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய்த் திரும்பிய டாக்டர் துண்டை எடுத்தார். நெஞ்சில் காது வைத்தார். சட்டென்று ஏணியின் தலைமாட்டைப் பிடித்து ஏற்றி இறக்கினார், ஏற்றி இறக்கினார். ஏற்றும்போது மூக்கில் காற்று போனது, இறக்கும்போது வந்தது. காற்று மட்டும்தான், உயிர் திரும்பவில்லை. வேர்த்து ஒழுகிய பிறகு நிறுத்தினார்.

"இந்த விஷம் மூச்சத்தாம்மா கட்டும். விஷம் எறங்கற வரைக்கும் இப்படி ஆட்டிக்கிட்டே இருந்தாப் பொழைக்க வழியுண்டு. நீங்களும் ஆட்டித்தான் கொண்டுவந்திருக்கீங்க. இல்லேன்னா மலையிலயே முடிஞ்சிருக்கும். யாரு ஆட்டுனது?"

"மலையில பின்னால புடிச்சது வேற ஆளுங்க. அடிவாரத்துல மாத்திட்டோம்," என்றான் குழந்தைசாமி.

வாசலில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அப்போதுதான் வந்து சேர்ந்தான் அர்த்தனாரி. டாக்டர் அவன் காலையே பார்த்தார்.

"இந்த ஆள எதுக்கும்மா மாத்துனீங்க?"