ரத்தம் வந்த இடம்

"சயம் இல்லன்னு நிச்சயமா தெரியுங்களா ஐயா?"

அம்சவள்ளி மறுபடியும் அதையே கேட்டாள். டாக்டர் சவுரிராயனுக்குச் சலிப்புத் தட்டியது. திண்டிவனத்தில் டிஸ்பென்சரி வைத்த நாளாய், கெட்ட சேதியை நம்ப மறுத்தவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நல்ல சேதியை நம்ப மறுக்கும் பெண்ணை இன்றுதான் பார்க்கிறார்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? நெஞ்சுல குழல் வெச்சுப் பாத்தாச்சு. கோழையை மைக்ராஸ்கோப்ல பாத்தாச்சு. உங்க அக்காவுக்கு சயமும் இல்ல, கியமும் இல்ல."

அக்கா என்று அவள் கூட்டி வந்திருந்தவள் கெங்கம்மாள். வல்லத்துப் பக்கம் கிராமம். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து இருவரும் வந்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார மறுத்து, கெங்கம்மாள் வாசல் ஓரமாகத் தரையில் ஒடுங்கியிருந்தாள். முந்தானை வாயை மூடியிருந்தது.

"உள்ள வந்து குந்தும்மா."

"வேணாங்க. ஒட்டிக்கும்."

பிள்ளை பெற்ற பிறகு அவள் வாயில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் தலையணையில் சிவப்புத் திட்டு. மாமியார் சயரோகம் என்று முடிவு கட்டிவிட்டாள். நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் ஒரு குடிசை போட்டு அவளை ஒதுக்கினார்கள். கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கஞ்சியை வரப்பில் வைத்துவிட்டு, அவள் எடுக்க வருவதற்குள் திரும்பிப் போய்விடுவார்கள்.

"உன் வீட்டுக்காரன் ஒண்ணும் கேக்கலியா?"

"அவரு ஆத்தா பேச்சைத் தட்டமாட்டாருங்க."

டாக்டர் எழுந்து அம்சவள்ளி பக்கம் திரும்பினார். "இந்தா பொண்ணு, என்னை நம்பவேணாம். உன் கண்ணால பாரு."

கெங்கம்மாளை நன்றாக வாய் கொப்பளிக்கச் சொன்னார். பிறகு அடிநெஞ்சிலிருந்து இருமி, வெள்ளைப் பீங்கான் தட்டில் துப்பச் சொன்னார். கோழை வெளுப்பாக இருந்தது. அடுத்து, வீங்கிக் கறுத்துச் சிவந்திருந்த ஈறில் பஞ்சை வைத்து லேசாக அழுத்தினார். பஞ்சு உடனே சிவந்தது.

"பாத்தியா? ரத்தம் நெஞ்சுலேர்ந்து வரல. ஈறுலேர்ந்து வருது. ஏம்மா, பல்லு வெளக்குறது உண்டா?"

"முன்னல்லாம் செங்கல் தூள் போட்டுத் தேய்ப்பேங்க. ரத்தம் வரவும் பயந்துக்கினு விட்டுட்டேன். விரலே வெக்கறதில்ல."

"அதான் தப்பு. செங்கல் தூள் ஈறை அறுத்துடும். வெளக்காமயே விட்டா, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல அழுக்கு தங்கிக் காரையா இறுகிப் போவும். அது ஈறைப் புண்ணாக்கும். அப்பறம் ரத்தம் வராம என்ன செய்யும்? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பல்லெல்லாம் ஆடிக் கொட்டியிருக்கும்."

சின்னக் கொக்கியால் காரையைச் சுரண்டி எடுத்தார். வலியில் கெங்கம்மாள் துடித்தாள். அம்சவள்ளி அவள் தலையைத் தன் மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். ரத்தமும் எச்சிலும் அவள் புடவையில் வழிந்தன. அவள் முகம் சுளிக்கவில்லை. கூடப்பிறந்தவளைத் தவிர வேறு யார் இப்படிப் பிடிப்பார்கள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"இனிமே வேப்பங்குச்சியைப் பஞ்சு மாதிரி மென்னு, பல்லும் ஈறும் சேர்ற எடத்துல மெதுவாத் தேய்க்கணும். காலையிலயும் தேய்க்கணும், படுக்கப் போறப்பவும் தேய்க்கணும். வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளி. கீரை, எலுமிச்சம்பழம் நெறைய சாப்புடு. மொத நாலு நாள் ரத்தம் வரும். பயந்து நிறுத்திடாத. தேய்க்கத் தேய்க்கத்தான் நிக்கும்."

கெங்கம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "ஐயா... புள்ளையத் தூக்கலாமுங்களா?"

"தாராளமாத் தூக்கு. முத்தமும் குடு."

அவள் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு வாய் கழுவப் பின்கட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

அவள் போனதும் அம்சவள்ளி மேஜை அருகில் வந்தாள். "ஐயா, இதே வார்த்தைய அவங்க வீட்டாண்ட வந்து சொல்லுவீங்களா? நான் சொன்னா எடுபடாது. அங்க வந்து மாத்திப் பேசமாட்டீங்களே?"

"நான் ஏம்மா மாத்திப் பேசறேன்? ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை முடிஞ்சதும் வர்றேன்."

"அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபூடும். வெள்ளிக்கிழமை முகூர்த்தங்க. அவங்க வீட்டுக்காரருக்கு வேற பொண்ணைக் கட்டிவெக்கறாங்க."

டாக்டர் கையிலிருந்த கொக்கியை மேஜைமேல் போட்டார். "அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பொண்டாட்டி உசுரோட இருக்கா. பச்சைப் புள்ளை வேற. இதெல்லாம் தெரிஞ்சும் ஒருத்தி கழுத்தை நீட்டிக்கினு நிக்கறாளே, அவளும் ஒரு பொம்பளையா? நாளைக்கே வர்றேன். மொதல்ல அவளைத்தான் நாலு கேள்வி கேக்கணும். யாரு அவ?"

அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கப்பா வாக்குக் குடுத்துட்டாருங்க. மல்லாட்டை பறிக்க வந்த கூலிக்காரின்னு அக்காகிட்ட பொய் சொல்லித்தான் இட்டாந்தேன். நான்தாங்க அந்தப் பொண்ணு."