சங்கிலி எட்டும் தூரம்

"இழுடா சவரி, இழு!" என்று கத்தினாள் பவுனம்மாள். சவரி பலங்கொண்ட மட்டும் இழுத்தும் பெட்டி சுவரை விட்டு வரவில்லை. நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைக்கும் பெட்டி. முன்பு வைத்ததை எவனோ திருடிப் போனதால், இதைத் தண்ணீர்ப்பந்தல் டம்ளர் மாதிரி சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார் மார்க்கெட் சங்கத் தலைவர்.

"சாவி எங்கேக்கா?"

"தலைவர் வீட்டு பீரோவுல பத்திரமா இருக்கு! பெட்டி வராட்டி ஆளை இங்க கொண்டாடா!"

வெங்காயக் கடை வாசலில் சுருண்டு விழுந்தவரைத் தள்ளுவண்டியில் போட்டு உருட்டி வந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து வந்த பதிவுக் குரல் சொன்னபடி பவுனம்மாள் அதன் மின்பட்டைகளை அவர் மார்பில் ஒட்டினாள். உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு மூச்சு வந்தது, அவளுக்கும்தான். மெல்லக் கண் திறந்தவர் தலைக்கு மேல் தொங்கிய சங்கிலியைப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் பூட்டியிருக்கேன்," என்றார் தலைவர்.