ரெண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது அச்சகத்திலிருந்து போன் வந்தது.

"ராபர்ட் சார், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. உங்க நாவலோட கடைசி ஃபாரம், பதினாறு பக்கம், இங்கியே கட்டா கெடக்குது. பைண்டிங்ல சேக்க மறந்துட்டாங்க."

ராபர்ட் போனை வைத்தார். கடலூர் கோர்ட்டில் காலமெல்லாம் அடுத்தவர் வாக்குமூலத்தை டைப் அடித்தவர், முதன்முதலாகச் சொந்தமாக எழுதிய மர்ம நாவல். சொந்தக் காசில் போட்டது. அதற்குத்தான் சிதம்பரத்தில் ஒரு வாசகர் வட்டம் இன்றைக்கு 'ஆண்டின் சிறந்த நாவல்' என்று ஷீல்டு கொடுக்கப்போகிறது. வட்டத்து ஆட்களுக்குப் பிரதிகள் போன மாசமே போய்ச் சேர்ந்துவிட்டன.

பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். வெட்கக்கேடு, பின்னட்டையில் சிரிக்கும் தன் போட்டோவைத் தாண்டி அவரும் இதுவரை உள்ளே போனதில்லை.

கதை இதுதான். கல்யாணமாகி வந்த வீட்டில் நாயகியின் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கேட்டால், எதுவும் போகவில்லை, உனக்குத்தான் மண்டைக் கோளாறு என்று வீடே சொல்லும். அவளும் மெல்ல மெல்ல அதை நம்பிவிடுவாள். ஒருநாள் மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்துப்போவாள். யார் காரணம்? இன்ஸ்பெக்டர் எல்லாரையும் கூடத்தில் நிற்க வைத்து, "அவளைக் கொன்னது வேற யாருமில்ல, இதோ" என்று கையை நீட்டுவார்.

அவ்வளவுதான். அடுத்தது பின்னட்டை, ராபர்ட்டின் போட்டோ.

கொலைகாரனே இல்லாத மர்ம நாவலுக்குப் பரிசு! யாராவது ஒருத்தர் கேட்டுவிட்டால் மானம் கப்பலேறிவிடும். பேசாமல் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தார். ஆனால் சால்வை, ஷீல்டு, நாளைக்குப் பேப்பரில் படம். எழுத்தாளர் ராபர்ட் என்று ஒருதடவையாவது மைக்கில் கேட்க வேண்டாமா? இறங்கவில்லை.

மேலவீதி மாடி ஹாலில் கூட்டம் தொடங்கியது. வட்டத்தின் தலைவர் சக்கரபாணி, ரிட்டையர்டு பேராசிரியர், மைக்கைப் பிடித்தார். அவர் கையிலிருந்த நாவல் கடையில் வாங்கினது மாதிரியே புத்தம் புதுசாக இருந்தது.

எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை, அப்படி ஒரு வேகம் என்று புகழ்ந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு குறைகளுக்கு வந்தார். வேகம் ஜாஸ்தி, ஆழம் கம்மி, மனோதத்துவம் என்று சொல்லிக்கொண்டாலும் மனசும் இல்லை தத்துவமும் இல்லை.

"எல்லாத்துக்கும் மேல அந்த முடிவு. கொலைகாரன் யாருன்னு ரெண்டாவது பக்கத்துலயே நான் கண்டுபிடிச்சுட்டேன்."

ராபர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுதுகிறபோது நூறு பக்கம் வரை அவருக்கே அது தெரியாது.

மெடிக்கல் ஷாப் ஞானசேகரன் எழுந்து, தான் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். இருந்தாலும் கடைசி அத்தியாயத்தில் கண் கலங்கிவிட்டதாம். இன்னொருத்தருக்கு அதே அத்தியாயம் இழுவையாகப் பட்டது, வெட்டியிருக்கலாம் என்றார்.

ராபர்ட்டுக்குப் படபடப்பு அடங்கிச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒரு ஆள்கூடப் படிக்கவில்லை. பிழைத்தோமடா சாமி என்று மூச்சு விட்டார்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். திலகவதி என்று பேர், போன மாசம்தான் வட்டத்தில் சேர்ந்தவர். அவர் கையிலிருந்த நாவல் மூலையெல்லாம் மடங்கி, அட்டையில் மஞ்சள் கறையோடு இருந்தது.

"எனக்கு ஒண்ணு புரியல சார். கொன்னது யாரு? இன்ஸ்பெக்டர் கைய நீட்டுறாரு, அதோட நின்னுபோவுது. அதுக்கப்புறம் உங்க போட்டோதான் இருக்குது. பக்கம் ஏதாச்சும் கொறையுதா?"

ஹாலே கொல்லென்று சிரித்தது. இது டிவி சீரியல் இல்லையம்மா, கவனமாகப் படிக்க வேண்டும் என்றார் சக்கரபாணி. இத்தனை பேருக்குப் புரிந்தது உங்களுக்கு மட்டும் எப்படிப் புரியாமல் போகும் என்று ஞானசேகரன் கேட்டார். அந்தம்மா தன் புத்தகத்தைப் பார்த்தார், சிரிக்கிறவர்களைப் பார்த்தார், கடைசியாக ராபர்ட்டைப் பார்த்தார்.

மேஜைமேல் ஷீல்டு இருந்தது. அதில் பேர்கூடப் பொறித்துவிட்டார்கள்.

"நிதானமா இன்னொரு தடவ படிச்சுப் பாருங்கம்மா, புரியும்," என்றார் ராபர்ட், ரொம்பத் தன்மையாக.

அந்தம்மா உட்கார்ந்துவிட்டார். சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். வரி விடாமல் வாசித்த சபைக்கு ராபர்ட் ஏற்புரையில் நன்றி சொன்னார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் ஷீல்டு. ஜன்னலுக்குக் கீழே திலகவதி வந்து நின்றார்.

"கோச்சுக்காதீங்க சார். ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான் கேட்டேன். அவுங்க அத்தினி பேரும் சிரிச்சதும் எனக்கே பயமாப் போச்சு. வீட்லயும் கொஞ்ச நாளா உனக்கு மண்ட மழுங்கிப்போச்சுன்னுதான் சொல்றாங்க. சரியாத்தான் சொல்றாங்க போல. இனிமே வட்டத்துக்கு வரல, படிக்கறதையும் விட்டுட்டேன். அந்தப் பொண்ணக் கொன்னது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க சார்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அச்சகத்தில் கட்டாகக் கிடக்கும் அந்தப் பதினாறு பக்கத்தில் என்ன எழுதியிருந்தார் என்பது ராபர்ட்டுக்கு நினைவு வந்தது. அந்தம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் ஷீல்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல, புத்தி நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சிருந்தும், அத வாயத் தொறந்து சொல்லாம இருந்தான் பாருங்கம்மா ஒருத்தன். அவன்தான்."