மூன்றாவது பாட்டில்

"இதைப் பிழிஞ்சவனைப் பிடிச்சு உள்ள தள்ளணும்!"

ஜன்னலோர மேசைப் பெரியவர் கிளாஸைத் தள்ளிய வேகத்தில் வெள்ளை விரிப்பில் சிவப்பு ஒயின் சிந்தியது. உணவகத்திலிருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரான்ஸின் தூர் நகரத்தில் பாதிக் குடும்பங்கள் வெளியே சாப்பிடும் நேரம்.

நொயெமி ஓடிவந்து துடைத்தாள். சாப்பாட்டுக்குப் பொருத்தமான ஒயினைத் தேர்ந்து ஊற்றுவது அவள் வேலை. அவளுடைய சோதனைக்காலம் அன்றோடு முடிகிறது. சாயங்காலம் முதலாளியம்மா வேலையை உறுதி செய்யலாம், மூட்டையைக் கட்டு என்றும் சொல்லலாம்.

"இது ரெண்டாவது பாட்டில் ஐயா. முதல்ல கொடுத்த வெள்ளையும் பிடிக்கலைன்னு சொல்லிட்டீங்க."

"பிடிக்கலையா? அது காடி. இது குடைமிளகாய்க் கஷாயம். வாத்துக்கறிக்கு யாராவது இதை ஊத்துவாங்களா? வேற கொண்டா. இதையும் துணியைச் சுத்தியே கொண்டா. லேபிளைப் பார்த்துக் குடிக்கிற ஆள் நான் இல்ல. என் நாக்குக்குக் கண்ணு தேவையில்ல."

லேபிளைக் காட்டாமல் பாட்டிலைத் திறப்பது அந்தத் தொழிலில் மரியாதைக் குறைவு. ஆனால் வந்தவர் அப்படித்தான் வேண்டும் என்கிறார், என்ன செய்வது?

நிலவறைப் படியில் நொயெமி சற்று நின்றாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒருவர் தட்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து, முதல் மடக்கில் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பதைவிட அவளுக்கு இந்த உலகத்தில் பெரிய சந்தோஷம் கிடையாது. தனக்கு இதுதான் வேலை என்று கண்டுபிடிக்கவே முப்பது வயதாகிவிட்டது. எந்தக் கிழவருக்காகவும் இனி அதை விடுவதாக இல்லை.

மூன்றாவது பாட்டில் வந்தது. வழக்கப்படி முதலில் தானே ஒரு சொட்டு ருசி பார்த்து, திருப்தியோடு தலையாட்டி, அவருக்கு ஊற்றினாள். மனிதர் மூக்கருகில்கூடக் கொண்டுபோகவில்லை. உதடு நனைவதற்குள் முகம் கோணிவிட்டது.

"தூ! நனைஞ்ச நாய் நாத்தம். இதுக்கு லுவார் ஆத்துத் தண்ணியைக் குடிக்கலாம்!"

பக்கத்து மேசைப் பெண்மணி தன் கிளாஸை மெல்லக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர் தன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கினார். நல்ல உணவகங்கள் இப்படித்தான் கெட்ட பெயர் வாங்குகின்றன.

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளியம்மா மதாம் ஒபேர் வந்தார். அடுப்படியில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒயினில் மட்டும் எது சிவப்பு, எது வெள்ளை என்பதோடு சரி. அதற்காகத்தான் ஆள் வைத்திருக்கிறார்.

"என்ன கலாட்டா இங்க?"

"இவளை எங்கேருந்து பிடிச்சீங்க மதாம்?" பெரியவர் குரலை உயர்த்தினார். "கத்தரி பிடிச்சுத் திராட்சைக்கொடி வெட்டின கை இது. இதுல போய்க் கிளாஸைக் கொடுத்திருக்கீங்களே! இவளுக்கெல்லாம் எதுக்கு இந்த வேஷம்? தோட்டத்துக்கே துரத்துங்க."

"என் கையைப் பத்தின பேச்சை விடுங்க ஐயா," என்றாள் நொயெமி. "ஒயினைப் பத்திப் பேசுங்க."

"பார்த்தீங்களா வாயை! ஒயினைப் பத்தித்தானே பேசறேன்? ஆயுசுபூராக் குடிச்சவன் சொல்றேன், இவ்வளவு மட்டமான சரக்கை நான் நாக்குல வெச்சதே இல்ல. எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. இதைச் செஞ்சவன் திருடன், எடுத்துக் கொடுத்தவ முட்டாள்!"

மதாம் ஒபேர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கையமர்த்தினார்.

"எனக்கு ஒரு சமாதானமும் வேணாம். மூணு பாட்டிலுக்கும் நானே கொடுத்துடறேன். இவளை இன்னிக்கே அனுப்பிடுங்க, அது போதும்."

முதலாளியம்மா சுற்றிலும் பார்த்தார். ஒரு மேசையிலும் யாரும் குடிக்கவில்லை. அந்தக் கூடத்துக்கு நல்ல பெயர் வாங்க அவர் இருபது வருஷம் அடுப்படியில் வெந்திருக்கிறார். முகம் இறுகிவிட்டது.

"நொயெமி, ஏதாவது சொல்றதுன்னா இப்பவே சொல்லு. இல்லைன்னா ஏப்ரனைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பு."

நொயெமி ஏப்ரனைத் தொடவில்லை. மூன்று பாட்டில்களையும் கொண்டுவந்து பெரியவருக்கு முன்னால் வைத்தாள். ஒவ்வொன்றாகத் துணியை உருவி, லேபிளை அவர் பக்கம் திருப்பினாள். பெரியவரின் முகம் வெளுத்துப்போனது.

"மூணுமே உங்க தோட்டத்து ஒயின்தான், அப்பா."