ஆள் வைக்கிற செலவு

“ஆள் வைக்கிற செலவெல்லாம் நம்ம கணக்குல வராது சார்” என்று முதலாளியம்மா சொன்னதும் அக்கவுண்டன்ட் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓட்டல்காரர்களின் துணிமணியை இரவு பகல் பாராமல் வெளுத்துக் கொடுத்த சீசன் முடிந்திருந்தது. லாண்டரியில் இருக்கும் அத்தனை பேரையும் கடற்கரை ஊருக்கு அனுப்பி வைப்பதாக முதலாளியம்மாவே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். எந்தெந்தச் செலவு கடையைச் சேர்ந்தது என்று முடிவுகட்டத்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ், ரூம், சாப்பாடு மூன்றுக்கும் மறுபேச்சில்லை. டிரைவர் தன் வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிவரக் கேட்கிறார் என்றதற்கு, “தாராளமா வரட்டும்” என்றார். பிள்ளைகள் பொம்மைக் கடையைப் பார்த்தால் கையை நீட்டும், ஆளுக்குக் கொஞ்சம் கைச்செலவுக்கு என்று இழுத்ததற்கும், “கொடுத்துடுங்க” என்றார்.

இஸ்திரி அக்கா விஷயத்தில்தான் இடித்தது.

அந்த அக்காவின் அம்மா கீழே விழுந்து படுத்த படுக்கையாக இருந்தார். நினைவும் தப்பித் தப்பி வரும். பகலில் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துக்கொள்வாள். ராத்தங்கல் என்றால் அக்கா இல்லாமல் ஆகாது.

“அவங்க வரலையாம் மேடம். அவங்க பங்கைப் பணமா கொடுக்க முடியுமான்னு கேக்கிறாங்க.”

“பணமா கிடையாது. எல்லாரும் போகும்போது அவங்களும் போகணும்.”

“அப்படின்னா ஹோம் நர்ஸ் ஒருத்தரை ஏற்பாடு பண்ணலாம். நாலஞ்சு நாள்தானே” என்று அவர் சொன்னபோதுதான் அந்தப் பதில் வந்தது.

அக்கவுண்டன்ட் பேச்சை மாற்றினார்.

“நீங்களும் வர்றீங்கதானே மேடம்?”

“எனக்கு வேற வேலை இருக்கு.”

அன்று மதியம் டிரைவரிடம் கொட்டித் தீர்த்தார். “யானையைக் கொடுத்துட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாக்கிறாங்கய்யா. நம்மகூட ஒரே பஸ்ஸுல வரவும் மனசில்லை.”

“பெரிய இடத்து மனசு சார். நமக்கெதுக்கு?” என்றார் டிரைவர். அவர் மனசு ஏற்கெனவே கடலில் இறங்கியிருந்தது.

நர்ஸ் செலவைத் தானே ஏற்றுக்கொண்டால் என்ன என்றுகூட அக்கவுண்டன்டுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தார். மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருப்பது வாசற்படி ஏறும்போது ஞாபகம் வந்தது. யோசனையைச் செருப்போடு வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் பஸ்ஸில் எல்லாருக்கும் முன்னால் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தது இஸ்திரி அக்காதான். அக்கவுண்டன்டுக்கு ஆச்சரியம். எப்படி என்று கேட்டதற்கு, “பாத்துக்க ஆள் கிடைச்சிருக்கு சார்” என்றதோடு சரி.

மறுநாள் சாயங்காலம் டிரைவரின் பிள்ளைகளோடு அக்கா ஈர மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வெந்த முகம், காற்று பட்டு ஆளே மாறிப்போயிருந்தது. அக்கவுண்டன்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அம்மாவை யாரு பாத்துக்கிறாங்க?”

“தெரிஞ்சவங்கதான் சார்.”

“ராத்திரியும் தங்குறாங்களா?”

“ஆமா சார். மூட்டை முடிச்சோட வந்துட்டாங்க. குளிப்பாட்டி, துணி மாத்தி, எல்லாம் அவங்கதான்.”

“எவ்வளவு கேக்கிறாங்க?”

“காசு பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

அவர் பெருமூச்சு விட்டார். “இந்தக் காலத்துல இப்படியும் மனுஷங்க இருக்காங்க பாரு. நம்ம மேடமும்தான் இருக்காங்க. ஒரு நர்ஸு வைக்க மனசு வரலை.”

அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க சார்” என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“எதை?”

அதற்குள் அவள் போன் அடித்தது. வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு. இரண்டு கையிலும் ஈர மணல்.

“இரும்மா, நான் பிடிச்சுக்கிறேன்” என்று எடுத்து அமுக்கி, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவரும் எட்டிப் பார்த்தார்.

தலையணையில் சாய்ந்தபடி அம்மா. தலை வாரி, பளிச்சென்று இருந்தார். பின்னால் ஒரு பெண்மணி முழங்கை வரை கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, நனைந்த படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர், திரையில் அக்கவுண்டன்டைப் பார்த்ததும் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

ஒதுங்கினாலும் தெரியாமல் போகுமா? தினமும் எதிரில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற முகம்.



“நீ கடலைப் பாரு, இங்க ஒரு குறையும் இல்லை” என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்த வேலைக்காரி நல்லவளாத்தான் இருக்கா. காபி போடத்தான் வரலை. அதுக்காகப் பாவம், சம்பளத்தைக் குறைச்சிடாதே” என்றார்.